நோயாளி வாட்ஸ்அப்பில் வரும்போது

தென்மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் பொது மருத்துவராகக் கிளினிக் நடத்துகிறேன். நோயாளிகளிடம் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்பதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்குப் பழைய விவாதம். நாம் கொடுக்காவிட்டாலும் மருந்துக்கடைக்காரரோ, லேப் தம்பியோ, பக்கத்து வீட்டு அக்காவோ கொடுத்துவிடுவார்கள். காலையில் போனைத் திறந்தால் மாத்திரை அட்டையின் மங்கலான படம், கீழே "இதத் தொடரலாமா டாக்டரம்மா" என்று ஒரு வரி. அடுத்தது நாலு பக்க லேப் ரிப்போர்ட், கேள்வி எதுவும் இல்லாமல். அப்புறம் ஒரு வாய்ஸ் நோட், பாதி டிவி சத்தம். இதையெல்லாம் சும்மா மெசேஜ்தானே என்று போகிறபோக்கில் பதில் போடுகிறவர்கள் எங்கள் தொழிலில் நிறைய பேர். என்னால் அப்படி இருக்க முடியவில்லை. "தொடரலாம்" என்று ஒற்றைச் சொல் அனுப்பினாலும் அது என் பெயரில் போன சிகிச்சைதான், நாளைக்கு ஏதாவது ஆனால் அந்த ஸ்கிரீன்ஷாட்தான் முதலில் வெளியே வரும். அது மட்டுமில்லை, அந்த முனையில் இருப்பவர் என்னை நம்பி மாத்திரையை வாயில் போட்டுக்கொள்கிறார்.

2020 மார்ச்சுக்கு முன்னால் இந்தியாவில் இதற்கு முறையான விதி கிடையாது. 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றம், மருத்துவர் நேரில் இல்லாமல் போனில் சொல்லிச் சிகிச்சை நடந்து நோயாளி இறந்துபோன ஒரு வழக்கில், ரத்னகிரியைச் சேர்ந்த மருத்துவத் தம்பதிக்கு முன்ஜாமீன் தர மறுத்தது. அதைப் படித்துவிட்டுப் பலர் போனை எடுக்கவே தயங்கினார்கள். பிறகு ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே, போன், வீடியோ வழியே வைத்தியம் பார்ப்பதற்கான டெலிமெடிசின் வழிகாட்டுதல் வந்தது, 2002-ம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளுக்குப் பிற்சேர்க்கையாகவும் ஆனது. போனில் வைத்தியம் பார்க்கிற ஒவ்வொருவரும் அதை ஒருமுறையாவது முழுசாகப் படித்துவிட வேண்டும் என்பேன். படித்தால் பயம் குறையும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும்.

அதில் எனக்கு அன்றாடம் உதவுவது மருந்துகளைப் பிரித்திருக்கும் விதம். பாரசிட்டமால், ஓஆர்எஸ் மாதிரியானவற்றைப் போனில், மெசேஜில் எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். முதல்முறை வருபவருக்கு அதற்கு மேல் மருந்து எழுத வேண்டுமென்றால் வீடியோவில் பார்த்திருக்க வேண்டும், அதுவும் அதற்கென்று உள்ள பட்டியலில் இருக்கும் மருந்தாக இருக்க வேண்டும். நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள், அதே நோய்க்காகத் திரும்ப வருகிறவர் என்றால் இன்னும் கொஞ்சம் இடம் உண்டு, ஏற்கெனவே ஓடும் பிரஷர் மாத்திரையோடு இன்னொன்றைச் சேர்க்கிற மாதிரி. ஆறு மாதம் தாண்டிவிட்டாலோ, வேறு நோய்க்குக் கேட்டாலோ, பத்து வருடம் பழகியவராக இருந்தாலும் அவர் முதல்முறை வருபவர்தான். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வரும் மருந்துகளுக்குப் பொதுவாகப் போனில் சீட்டு கிடையாது. தூக்கம் வரவில்லை என்று அல்பிரசோலம் கேட்பவர்களும், முதுகுவலிக்கு ட்ரமடால் கேட்பவர்களும் இதில்தான் கோபித்துக்கொள்வார்கள். "போன தடவை நீங்கதானே எழுதுனீங்க" என்பார்கள். நேரில் வந்தீங்க, எழுதினேன், போன்ல எழுத முடியாதும்மா, என்று சொல்லிவிட்டு அடுத்த நாளுக்கு நேரம் கொடுப்பேன். இரண்டு தடவை இப்படிச் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும், பிறகு யாரும் கேட்பதில்லை.

விதியைவிடப் பெரிய விஷயம், எதை எழுத்தில் முடிக்கலாம், எதற்குக் கூப்பிட்டுப் பேச வேண்டும், எதற்கு "உடனே கிளம்புங்க" என்று சொல்ல வேண்டும் என்ற கணக்கு. ஒரு ராத்திரி, சர்க்கரைக்கு என்னிடம் பார்க்கிற ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், "வாயுப் பிடிச்சிருக்கு, நெஞ்சு கரிக்குது, ஒரு மாத்திரை சொல்லுங்க" என்று அனுப்பினார். எங்கள் பக்கம் நெஞ்சில் எது வந்தாலும் வாயுதான். சர்க்கரை உள்ளவருக்கு மாரடைப்பு வலியே இல்லாமல்கூட வரும் என்பதால் இந்த மாதிரி மெசேஜுக்கு நான் எழுத்தில் பதில் போடுவதே இல்லை, நேராகக் கூப்பிட்டுவிடுவேன். அவர் பேசும்போது ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் மூச்சு வாங்கியது. போனை மனைவியிடம் கொடுக்கச் சொன்னேன். சட்டை நனைஞ்சிருக்கா என்று கேட்டதற்கு, "ஆமா டாக்டரம்மா, கரண்டு இல்லாததால வேர்க்குதுன்னு நெனச்சேன்" என்றார். ஆஸ்பிரின் கொடுக்கச் சொல்லிவிட்டு 108-க்குப் போடச் சொன்னேன், தாலுகா ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்ததும் மாரடைப்பு என்று தெரிந்தது, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், பிழைத்துக்கொண்டார். இதில் நான் பிரமாதமாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு குரலைக் கேட்டேன், பக்கத்தில் இருக்கிறவரிடம் கண்ணால் பார்த்துச் சொல்லச் சொன்னேன், அவ்வளவுதான். நோயாளி தன் உடம்பைப் பற்றிச் சொல்வதைவிட, கூட இருப்பவர் பார்த்துச் சொல்வது பல சமயம் நம்பகமானது.

குழந்தைக்குச் சளி, இருமல் என்று வீடியோவில் வரும் அம்மாக்களிடம் முதலில் சட்டையைத் தூக்கச் சொல்வேன். கேமராவை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நேராகப் பிடித்து, ஒரு முழு நிமிடம் அசையாமல் வைத்திருக்க வேண்டும். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும் நேரமாக இருந்தால் நல்லது. மூச்சை எண்ணுவேன். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50-ம், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40-ம் எட்டிவிட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, வீடியோ அங்கேயே முடிந்தது, நேரில் வந்தாக வேண்டும். இரண்டு மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எண்ணிக்கொண்டெல்லாம் இருப்பதில்லை, ஆஸ்பத்திரிக்குத்தான். டெங்கு காலத்தில் வேறு மாதிரி. காய்ச்சல் விட்டுடுச்சு டாக்டர், நல்லாயிட்டான், என்று நான்காவது ஐந்தாவது நாளில் சந்தோஷமாக மெசேஜ் வரும். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் விடும்போதுதான் வரும் என்பதால் அந்த நாளில்தான் நான் அதிகமாகக் கேள்வி கேட்பேன். வயிறு வலிக்குதா, வாந்தி நிக்கலையா, சிறுநீர் கடைசியா எப்போ போனான், சுணங்கிப் படுத்திருக்கானா, ஈறில் ரத்தம் வருதா. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனையோடு நேரில். வலிக்கு ப்ரூஃபன் கொடுத்தீர்களா என்றும் கேட்டுவிட வேண்டும், டெங்குவில் அது ரத்தக்கசிவைக் கூட்டும், வீட்டில் பழைய பாட்டில் இருக்கும்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். துபாயிலிருந்து மகன் அம்மாவுக்காக எழுதுவார், பணமும் அவர்தான் போடுவார், ரிப்போர்ட்டும் அவருக்குத்தான் முதலில் போக வேண்டும் என்பார். பாசத்தில் செய்கிறார், குறை சொல்ல முடியாது. ஆனால் நோயாளி அம்மாதான். அம்மா வீடியோவில் மகனோடு சேர்ந்து இருந்தால் சிக்கல் இல்லை. அவர் இல்லாமல் மகன் மட்டும் பேசுகிறார் என்றால், முன்பு அம்மா நேரில் வந்தபோது "எம் மவன்கிட்ட எல்லாம் சொல்லலாம்" என்று சம்மதித்தது எழுத்தில் இருக்க வேண்டும். நான் இதற்கென்று நோயாளியின் கிளினிக் அட்டையிலேயே ஒரு வரி வைத்து, பெயரும் எண்ணும் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிடுகிறேன். ஒருமுறை ஒரு பாட்டி தெளிவாகச் சொன்னார், பெரியவன்கிட்ட சொல்லுங்க, சின்னவன்கிட்ட வேண்டாம், என்று. காரணம் கேட்கவில்லை. சின்னவர் அழைத்தபோது "அம்மாவிடமே கேட்டுக்குங்க தம்பி" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். இன்னொன்று, துபாயில் இருக்கும் மகனுக்கே உடம்பு சரியில்லை என்றால் இந்திய வழிகாட்டுதல் நாட்டு எல்லைக்கு வெளியே நடக்கும் ஆலோசனைக்குப் பொருந்தாது. அங்கேயே பார்க்கச் சொல்லி அனுப்புவதுதான் சரி, எவ்வளவு கெஞ்சினாலும்.

பதிவு வைப்பதைப் பற்றிச் சொன்னால் எல்லோருக்கும் சலிப்பு. எனக்கு இதில் ஒரே வழக்கம்தான்: போனில் பேசி முடித்த உடனே, அடுத்த ஆளைக் கூப்பிடுமுன், தேதி, நேரம், யார் பேசினார், வீடியோவா ஆடியோவா, என்ன சொன்னார், என்ன சொன்னேன், எப்போது நேரில் வரச் சொன்னேன், ஐந்தாறு வரி. அதையே சுருக்கி நோயாளிக்கும் அனுப்பிவிடுவேன், மூச்சுத்திணறல் வந்தால் காத்திருக்கக் கூடாது என்பது போன்ற எச்சரிக்கையோடு. மருந்து எழுதினால் சீட்டில் பெயர், வயது, மருந்தின் ஜெனரிக் பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல, மருந்தின் பொதுப்பெயர்), என் பதிவு எண், கையெழுத்து எல்லாம் இருக்கும், அதைப் படமெடுத்து அனுப்பலாம், விதி அனுமதிக்கிறது. பதிவு எண் வாட்ஸ்அப் புரொஃபைலிலும் இருக்கிறது. ஃபீஸ் வாங்குவதிலும் கூச்சப்படத் தேவையில்லை, நேரில் வாங்குவது போலவே வாங்கி ரசீது கொடுக்கலாம். நான் புதிய ஆலோசனைக்கு வாங்குவேன், கொடுத்த மருந்தில் சந்தேகம் கேட்டால் வாங்குவதில்லை.

இனி சமூக ஊடகம். இதில் எனக்கு வருத்தம் அதிகம். தெரிந்த ஒரு மருத்துவர், திறமையானவர், மனசிலும் நல்லவர், தற்கொலைக்கு முயன்று வந்த ஓர் இளம்பெண்ணைக் காப்பாற்றிய நிம்மதியில் ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டார். பெயர் இல்லை, முகம் இல்லை. ட்ரிப்ஸ் ஏறும் கை மட்டும், "இன்று ஒரு உயிர்" என்று தலைப்பு. அந்தக் கையில் பச்சை குத்தியிருந்தது. படுக்கை விரிப்பில் ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தது. பதிவில் தேதி இருந்தது. சாயங்காலத்துக்குள் அந்தப் பெண்ணின் தெருவுக்கே தெரிந்துவிட்டது, யாரோ வாழ்த்துச் சொல்லும் பின்னூட்டத்திலேயே ஊர்ப் பெயரையும் போட்டுவிட்டார். வீட்டார் மறுநாள் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு போனார்கள். கல்லீரல் பரிசோதனைக்கு வரச் சொன்ன நாளில் வரவில்லை. மனநல ஆலோசனைக்கும் வரவில்லை. ஒரு பாராட்டுப் பதிவு ஒரு சிகிச்சையையே பாதியில் நிறுத்திவிட்டது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு, மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமின்றி ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது, மின்னணு வடிவில் சேமித்த தகவலுக்கும் அது பொருந்தும். சட்டத்தை எடுத்துக்கொண்டு வராவிட்டாலும், அந்தப் பெண்ணின் இடத்தில் நம் வீட்டுப் பிள்ளை இருந்தால் அந்தக் கையை நாம் படமெடுத்திருப்போமா.

பெருநகரத்தில் முகத்தை மறைத்தால் போதும் என்று நினைக்கலாம். எங்கள் ஊர்களில் முகமே வேண்டாம். கையில் கட்டிய கயிறு, சேலையின் கரை, எக்ஸ்ரேயில் தெரியும் தாயத்து, "நேற்று திருவிழாவில் வெடி வெடித்து" என்ற ஒரு வரி, இதில் ஏதாவது ஒன்று போதும். இசிஜி தாளின் மேலே பெயரும் வயதும் அச்சாகி இருக்கும். ஸ்கேன் படத்தின் மூலையில் சென்டர் பெயர், தேதி, நேரம். மருத்துவர்களுக்கு மட்டுமான வாட்ஸ்அப் குழுவில் கருத்துக் கேட்கப் போடும்போதும் இவற்றை மறைத்துத்தான் போட வேண்டும், பேனாவால் கிறுக்கி அல்ல, அந்தப் பகுதியையே வெட்டிவிட்டு. இசிஜியைப் படமெடுத்து இதய மருத்துவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது உயிர் காக்கும் பழக்கம், அதை நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன், சின்ன ஊரில் எங்களுக்கு அது பெரிய பலம். ஆனால் குறிப்பிட்ட ஒரு மருத்துவருக்குத் தனியாக அனுப்புவதும், இருநூறு பேர் இருக்கும் குழுவில் போடுவதும் ஒன்றில்லை. குழுவில் யார் யார் இருக்கிறார்கள், மருந்துக் கம்பெனி ஆட்கள் இருக்கிறார்களா என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பினால் எடுத்த இடம், நேரம் பற்றிய தகவலும் அதோடு சேர்ந்து போகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுளில் யாராவது ஒரு நட்சத்திரம் போட்டுத் திட்டி எழுதினால் ரத்தம் கொதிக்கத்தான் செய்யும். மருத்துவர்கள் அங்கே போய், "உங்களுக்கு சுகர் 400 இருந்தது, மாத்திரை போடாமல் வந்தீர்கள், அதனால்தான் புண் ஆறவில்லை" என்று பதில் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நியாயம் மருத்துவர் பக்கம் இருக்கலாம். ஆனால் அந்த நோயாளியின் நோயை அவர் பெயருக்குக் கீழேயே உலகத்துக்குச் சொல்லியாயிற்று. அவர் நம்மிடம் வந்தார் என்பதை உறுதிப்படுத்துவதே ரகசியத்தை உடைப்பதுதான். நான் எல்லோருக்கும் ஒரே பதில்தான் எழுதுவேன்: "உங்கள் மனவருத்தத்தைப் படித்தேன். யாருடைய சிகிச்சை விவரத்தையும் பொதுவெளியில் பேசுவதில்லை. கிளினிக் எண்ணில் அழைத்தால் நேரம் ஒதுக்கிப் பேசுகிறேன்." சிலர் உண்மையிலேயே அழைக்கிறார்கள், பாதிப் பிரச்சினை காத்திருக்க வைத்ததில் வந்த கோபம்தான்.

தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய நடத்தை விதிகளை அறிவித்தபோது, அதில் சமூக ஊடகத்துக்கென்று தனிப் பகுதி இருந்தது. பொதுவெளியில் நோயாளிக்கு மருந்து எழுதாதே, அங்கே யாராவது கேட்டால் டெலிமெடிசினுக்கோ நேரிலோ வரச் சொல், குணமானவர் படத்தையும் ஆபரேஷன் வீடியோவையும் போடாதே, காசு கொடுத்து லைக்கும் ஃபாலோயரும் வாங்காதே, என்றெல்லாம். மருந்தை ஜெனரிக் பெயரில்தான் எழுத வேண்டும் என்ற விதிக்கு எதிர்ப்பு கிளம்ப, அதே மாதமே மொத்த விதிகளையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள், மறுபடியும் 2002 விதிகள்தான். நிறுத்தி வைத்ததால் இந்தப் பகுதி தேவையில்லை என்று ஆகிவிடாது. நான் அதை அப்படியே பின்பற்றுகிறேன். யூடியூபில் நல்ல தமிழில் சர்க்கரை, பிரஷர் பற்றி விளக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் செய்வது பெரிய சேவை. ஆனால் வீடியோவின் கீழே "எனக்கு கிரியாட்டினின் 2.1, என்ன சாப்பிடலாம் டாக்டர்" என்று ஒருவர் கேட்க, அங்கேயே மருந்துப் பெயர் சொல்லும் பழக்கம் ஆபத்தானது. அதே பதிலைப் பார்த்து வேறு நாலு பேர் வாங்கிப் போடுவார்கள்.

கிளினிக் ஊழியர்களிடம் இதைப் பேசாவிட்டால் நாம் மட்டும் ஒழுங்காக இருந்து பயனில்லை. லேப் ரிப்போர்ட்டை எந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்பதை நோயாளியிடமே, யாரும் கூட இல்லாதபோது, கேட்கச் சொல்லியிருக்கிறேன். பதிவேட்டில் இருப்பது அப்பாவின் எண்ணாக இருக்கும், பரிசோதனை மகளுடைய கர்ப்பப் பரிசோதனையாக இருக்கும். வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன்தான் இருக்கும், அதை ராத்திரி தம்பி கேம் விளையாட எடுப்பான். ஹெச்ஐவி முடிவை எங்கள் கிளினிக்கிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதே இல்லை, நெகட்டிவ் என்றாலும் சரி. நேரில் வந்து, உட்கார்ந்து, பேசித்தான். பணியாளர்கள் ரீல்ஸ் எடுப்பதை நான் தடுக்கவில்லை, வயசுப் பிள்ளைகள், ஆசை இருக்கும். நோயாளி இருக்கும் இடத்திலோ, பெயர்ப் பட்டியல் ஒட்டிய சுவருக்கு முன்னாலோ, சீருடையிலோ வேண்டாம் என்பது மட்டும்தான் ஏற்பாடு. காரணத்தை விளக்கிச் சொன்னதும் அவர்களே ஒருவரையொருவர் கவனித்துக்கொள்கிறார்கள்.

நேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சொந்த எண் வேறு, கிளினிக் எண் வேறு என்று பிரித்து, கிளினிக் எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தானாகப் போகிற பதில் ஒன்றை வைத்திருக்கிறேன். அது இப்படி இருக்கும்: "கிளினிக் இப்போது மூடியிருக்கிறது. காலை எட்டு மணிக்கு மேல் பதில் வரும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் விழுதல், நிற்காத ரத்தம், பாம்புக்கடி, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடத்தல் என்றால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். மனசு தாங்காமல் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்." அந்தக் கடைசி வரியை, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 2022 அக்டோபரில் தொடங்கிய பிறகு சேர்த்தேன். அந்த எண்ணில் பேசினேன் என்று பிறகு நேரில் வந்து சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

போனில் ஒரு அமைப்பை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் கேலரியில் தெரிகிற வசதியை நிறுத்துங்கள். நோயாளியின் புண், மார்பகம், மலம் என்று வருகிற படங்கள் நம் வீட்டுக் கல்யாணப் படங்களுக்கு நடுவே போய் உட்காரும், பேக்கப் போட்டிருந்தால் கூகுள் போட்டோஸ் அவற்றை எடுத்துக்கொண்டு இணையச் சேமிப்பில் ஏற்றும், குழந்தைகள் டிவியில் ஸ்லைடுஷோ போடும்போது வரும். தேவையான படத்தை நோயாளியின் கோப்பில் சேமித்துவிட்டு, போனிலிருந்து நீக்கிவிடுங்கள். டெலிமெடிசின் வழிகாட்டுதல் பதிவுகளை வைத்திருக்கச் சொல்கிறது, 2002 விதிகளும் உள்நோயாளி பதிவுகளை மூன்று வருடம் என்கின்றன, நான் எல்லாவற்றுக்கும் அந்த மூன்று வருடத்தைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறேன், கடவுச்சொல் போட்ட கணினியில். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, வாட்ஸ்அப் கணக்கையும் புது போனுக்கு மாற்றி முடித்து, ஃபேக்டரி ரீசெட் செய்து, மெமரி கார்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரப் பையன் "நாங்களே அழிச்சிடுறோம் மேடம்" என்பான். நீங்களே அழித்துவிட்டுக் கொடுங்கள்.